பூட்டி வைத்த கஃப்

ரத்த அழுத்தம் பார்க்கும்போது மேற்கையில் சுற்றுகிறார்களே ஒரு துணிப்பட்டை, அதற்குக் கஃப் என்று பெயர். உள்ளே ஒரு ரப்பர்ப் பை இருக்கும். காற்று ஏறியதும் அது ரத்தக்குழாயை நெரிக்கும். காற்று இறங்க இறங்க, ரத்தம் மறுபடி எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது தடையில்லாமல் ஓடுகிறது என்று பார்த்து இயந்திரம் இரண்டு எண்களைச் சொல்லும். இதை நான் டிப்ளமோவில் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் படித்ததையெல்லாம் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிடுவது பழக்கம். இதைச் சொன்னபோது, "வெளிய இருந்தே உள்ள நடக்கறத கண்டுபுடிச்சர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடா பக்கம் ஒரு மருத்துவமனையில், கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கருவி சரியான அளவைக் காட்டுகிறதா என்று சோதித்து, தேதி எழுதிய பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவது என் பொறுப்பு. ஸ்டிக்கர் இருந்தால் டாக்டர் அந்த எண்ணை நம்புவார். அந்த நம்பிக்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

போன மார்கழியில் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அவர் ஈரோட்டுப் பக்கம் கல்யாண மண்டபங்களில் சமைப்பவர். இரண்டு கண்ணிலும் புரை. வெங்காயம் சிவந்ததா கருகியதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்தால் மூச்சு விட நேரமிருக்காது. அதற்குள் ஒரு கண்ணிலாவது ஆபரேஷன் முடிந்து, அடுப்புப் புகைபடாமல் சில வாரம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்தத் தையில் போகாவிட்டால் மண்டபக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு அந்த இடம் திரும்பி வராது என்பது அவர் பயம்.

முதல் நாள் கண் பிரிவில் அழுத்தம் பார்த்தார்கள். நூற்றெண்பத்திரண்டுக்கு நூற்றெட்டு. இவ்வளவு அழுத்தத்தில் கண்ணைத் தொட முடியாது என்று டாக்டர் மாத்திரை எழுதி, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே எண். மாத்திரையை மாற்றினார். மூன்றாவது வாரம் நூற்றெண்பதைத் தாண்டியே நின்றது. இனி பொது மருத்துவரிடம் ஒரு மாதம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

மல்காஜ்கிரியில் இருக்கும் என் அறையில் அம்மா காலையில் எழுந்து நடக்கிறார், மாடி ஏறுகிறார், தலைவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இயந்திரத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றே கண் பிரிவுக்குச் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து, குழாயில் இணைத்து, ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று வரிசையாக ஏற்றிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் பிசகில்லை. காற்றுக் கசிவும் இல்லை.

"மெசினு நல்லாருக்குதா சாமி?" என்றார் அம்மா.

"நல்லாத்தாம்மா இருக்குது."

"அப்ப நாந்தான் கெட்டுப்போயிட்டனாட்ட இருக்குது."

பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "இன்னொரு வாட்டி பாக்கலாம். எதுக்கு டென்ஷன்மா, சும்மா உக்காருங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்து மறுபடி பட்டையைச் சுற்றினார்.

முப்பது வருடம் அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டிய கை அது. பட்டையின் முனை எதிர்ப்பக்கத்தை எட்டிப் பிடிக்கத் திணறியது. காற்று ஏறியதும் சரக்கென்று பிரிந்துகொண்டது.

அம்மா சிரித்தார். "எனக்கு ரவிக்கை தெக்கறவனும் இப்படித்தான் அம்மிணி அழுவான்."

நர்ஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "மெஷினை விடுங்க தம்பி. பெரிய கஃப் எங்க?"

என் அலமாரியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றபோது, ஒவ்வொரு பிரிவிலும் இருந்த பெரிய கஃப்களை நானே சேகரித்து எண்ணி, அட்டவணை எழுதிப் பூட்டி வைத்தேன். வெளியே இருந்தால் ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தொலைந்துவிடும். வேண்டுமானால் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விதியும் வைத்தேன். ஒன்றும் தொலையவில்லை என்று மேலாளர் பாராட்டினார். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது யார் சீட்டு எழுதுவார்கள்? இருக்கிற கஃப்பை இழுத்துச் சுற்றினார்கள். சின்னப் பட்டை பெரிய கையை முழுதாகத் தழுவாது. ரத்தக்குழாயை நெரிக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். எண் ஏறித்தான் காட்டும். இதையும் நான் படித்திருக்கிறேன்.

"நான் ரெண்டு தடவை கேட்டேன். சீட்டு இல்லாம நக்கோ, முடியாதுன்னு நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க" என்றார் நர்ஸ், குரலை உயர்த்தாமல்.

மாடிக்குப் போய் எடுத்து வந்தேன். பெரிய கஃப் அம்மாவின் கையில் அலுங்காமல் படிந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, இரண்டு முறை பார்த்தோம். நூற்றைம்பத்தாறுக்குத் தொண்ணூற்றிரண்டு. டாக்டரிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அழுத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது, மாத்திரை போடணும். ஆனா ஆபரேஷனுக்குத் தடையில்லை" என்றார். பிறகு, "கஃப்பை யார் பூட்டினது?" என்றார். நான்தான் என்றேன்.

இரண்டு நாளில் வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. அன்று மாலை அறையில் சொட்டு மருந்து விடும்போது அம்மா மல்லாந்தபடியே கேட்டார்: "என்னாட்டக் கை பெருத்தவிய எத்தன பேரச் சாமி திருப்பியனுப்புனீங்க?"

மறுநாள் கண் பிரிவின் பதிவேட்டைப் பார்த்தேன். அழுத்தம் எழுதியிருந்தது, கையின் சுற்றளவு எங்கும் இல்லை. எண் ஏறியதால் ஆபரேஷன் தள்ளிப்போன பதினாறு பேரையும் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. டாக்டர் சரியென்றார். தெலுங்குக்காரர்களிடம் நர்ஸ் பேசினார். நான் என் இரண்டாவது அழைப்பில் ஒரு தமிழ்க்காரரைப் பிடித்தேன், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

யாருடைய தவறு என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"ஹவ், அப்படியா? அப்ப ரெண்டு மாசமா உப்பில்லாம சாப்பிடறேனே, அது?"

"உப்பு எப்படியும் குறைவா சாப்பிடறது நல்லதுங்க சார். ஆனா உங்களுக்குச் சரியா பாக்கல. மறுபடி பாக்கணும்."

"இருங்க, இத எங்க வீட்டம்மா கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

கைபேசி கை மாறியது. பின்னால் குக்கர் சத்தம். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"இந்த வாட்டியாவது ஒழுங்கா பாப்பீங்களா?"

"நானே பக்கத்துல நிப்பேம்மா."

"எத்தன மணிக்கு வரணும், சொல்லுங்க" என்றார்.