உப்புப் போட்ட ஐஸில் டைகரின் ரத்தம்

நாய் பூனைகளின் ரத்தத்தைச் சோதிக்கும் இடத்தில் நாயைவிட அதிகமாக நடுங்குவது உதவிக்கு நிற்கும் ஆள்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நோயைப் பற்றித் தப்பாக எழுதிவிடுவேனோ என்று இப்போதும் கை தயங்குகிறது. எண்பதுகளில் மலேசியாவின் கூலிம் ஊரில் ஒரு மிருக டாக்டரிடம் கண்ணாடி கழுவி, ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டினேன். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

காவல்காரன்

டாக்டர் என்னைவிடச் சின்னவர். "உடம்பைக் காக்கிற சக்தியே உடம்பைத் தாக்குற நோய் இது. பயப்படாத மாதிரி எடுத்துச் சொல்லுங்க அக்கா" என்று என்னை வெளியே அனுப்பினார். மூக்கெல்லாம் புண்ணான பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "வீட்டுக் காவல்காரனே வீட்டு ஆளைப் போட்டு அடிக்கிற மாதிரிம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் கன்னத்து வீக்கம் என் கண்ணில் பட்டது. அவர் பூனையைத் தடவியபடியே கேட்டார்: "எங்க வீட்லயும் அதான் நடக்குது. அதுக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பீங்களா?"

சுத்தம்

சின்னக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தமும் உப்புநீரும் கலந்து ஆட்டிப் பார்ப்பார் டாக்டர். ரவை மாதிரித் திரிந்து நின்றால் அந்த நோய்தானோ என்று சந்தேகம். ஒருநாள் அப்படி வைத்துவிட்டுப் போன் பேசப் போனார். அழுக்கு காய்ந்துவிடுமே என்று நான் அதைக் கழுவித் துடைத்து, பளபளவென்று அடுக்கிவிட்டேன். திரும்பி வந்தவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அக்கா, நீங்க கழுவினது அழுக்கு இல்ல, ரிசல்ட். இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற ஆள்தான் பார்க்கணும்."

மீனுக்குச் செய்தது

அடுத்த மாதமே செல்லம்மா வந்தாள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். பிள்ளையில்லாத அவளுக்கு டைகர்தான் எல்லாம். நாயின் ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. உண்ணிக் காய்ச்சலா, தன் ரத்தத்தைத் தானே அழிக்கிற நோயா என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆபத்து என்றார் டாக்டர். ரத்தத்தைக் குளிர்ச்சியாக வைத்து, பஸ்ஸில் வெளியூர் லேப்புக்கு அனுப்பச் சொன்னார்.

நான் கோலா கெடா மீன் பாசாரில், மீன் சந்தையில், வளர்ந்தவள். மீன் இன்னும் குளிர்ந்து விறைப்பாக இருக்க அப்பா ஐஸில் கல்லுப்பு அள்ளிப் போடுவார். நானும் இரண்டு கை போட்டு, குழாயை நடுவில் புதைத்து, மீன் கட்டுகிற மாதிரியே கட்டி அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. அளவுக்கு மீறிய குளிரில் ரத்தம் ஐஸ்கட்டியாகி, அணுக்களெல்லாம் உடைந்து போயிற்றாம். சோதிக்க முடியாதாம்.

"ஐஸ்ல என்னக்கா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே டாக்டர். பஸ்காரன் எங்க வச்சானோ."

பஸ்ஸில் கெட்டுப்போச்சு என்று செல்லம்மாவிடமும் சொல்லி, இல்லாத ரத்தத்தில் இன்னொரு குழாய் எடுக்க வேண்டியதாயிற்று. டைகருக்குத் தலை தூக்கவும் சக்தியில்லை. செல்லம்மா அதன் காதில், "கொஞ்சம்தான்டா ராசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதன் காலைப் பிடித்திருந்தவள் நான். அப்போதும் வாய் திறக்கவில்லை. இந்த முறை டாக்டரே பெட்டியைக் கட்டினார். தன்னையே அழிக்கிற நோய்தான் என்று பதில் வந்து மருந்து தொடங்குவதற்குள் மூன்று நாள் வீணாகியிருந்தது. நல்லவேளை, நாய் பிழைத்தது.

ஒரு மாதம் கழித்து டைகரையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொண்டுவந்தாள் செல்லம்மா. நாய் என் கையை நக்கியது. டாக்டர் என்னைப் பார்த்தார். பழத்தை என் கையில் திணித்துவிட்டு அவள் சொன்னாள்: "அந்த பஸ்காரன் நல்லா இருக்க மாட்டான்லா. நீங்க டைகர் கால பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே அக்கா, அத மறக்க மாட்டேன்."

உண்மையை அவளிடம் சொல்லும் தைரியம் வராததால், அன்று சாயங்காலமே டாக்டரிடம் மட்டும் உப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கடிக்குமே தவிர நன்றி சொல்லாத நாய்களின் கூண்டு கழுவும் வேலைக்கு நானே கேட்டு மாறிக்கொண்டேன்.