புளியஞ்சாலையை வெட்டவிடாத விறகுக்காரி

விறகுத் தொட்டி வைத்திருப்பவள் மரத்துக்காகச் சண்டைக்கு நிற்கிறாள் என்றதும் குதிரைமேட்டில் சிரிக்காத ஆள் இல்லை.

செஞ்சிக் கோட்டையின் மதிலுக்கு வெளியே, சிங்கவரம் போகிற பக்கமாக இருக்கிற சின்ன ஊராட்சி குதிரைமேடு. ஊருக்குள் நுழையும் இடத்திலேயே, விறகை எடைபோட்டு விற்கிற கமருன்னிசாவின் தொட்டி. கணவர் பஷீர் அகமது திடீரென்று இறந்தபோது அவளுக்கு இளம் வயது, கையில் மூன்று பெண் பிள்ளைகள். தொட்டியைக் கொழுந்தன் நூருல்லாவிடம் விட்டுவிட்டு வீட்டோடு இரு என்று பெரியவர்கள் வந்து சொன்னார்கள். "எம் புள்ளைங்களுக்கு நீங்க சோறு போடுவீங்களா?" என்று கேட்டாள் கமருன்னிசா. மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தராசுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள்தான். நூருல்லா மரம் பார்த்து வாங்கி வருவான், அவள் விற்பாள்.

எண்பத்தாறில், பல வருஷம் கழித்து, ஊராட்சித் தேர்தல் வந்தது. அவள் வார்டில் முருகையன் என்பவரைப் போட்டியில்லாமல் உட்கார வைப்பது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். "எங்கள யாரு கேட்டாங்க?" என்று போய் அவளும் மனு போட்டாள். மலையடிவாரத்திலிருந்து சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாக அவள் தொட்டிக்குக் கொண்டு வருகிற பெண்கள் எல்லாரும் அவளுக்கே குத்தினார்கள். ஜெயித்துவிட்டாள்.

அடுத்த வருஷக் கோடையில் பிரச்சினை வந்தது. தனகோட்டி என்பவர் ஊருக்கு மேற்கே பாறை உடைக்கிற கிரஷர் போட்டிருந்தார். அவருடைய லாரிகள் போகிற ஊராட்சிச் சாலையில் இரண்டு பக்கமும் வயதான புளியமரங்கள். கிளை இடிக்கிறது, திரும்ப முடியவில்லை என்று சொல்லி, மரங்களை எடுத்துவிட்டால் தன் செலவிலேயே சாலையை அகலப்படுத்தித் தருவதாக அவர் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். தலைவர் ராஜாராமுக்கு ஒரே சந்தோஷம். கூட்டத்தைக் கூட்டினார்.

"மரத்த ஏலம் விடறோம். ரோடும் ஆச்சு. யாருக்காவது ஆட்சேபணை இருக்குதா?"

"எனக்கு இருக்குது" என்றாள் கமருன்னிசா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் முருகையன். அவர் உறுப்பினர் இல்லை, வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றிருந்தார். "விறகுக்காரிக்கு மரத்து மேல இன்னா பாசம்? உன் தொட்டிக்குத்தானம்மா வரப்போவுது!"

"அதனாலதான் சொல்றேன். தொட்டிக்கு வந்த மரம் ஒண்ணாவது திரும்பிப் போய் நின்னத நான் பாத்ததில்ல. சித்திரை வெயில்ல இந்த மலையெல்லாம் அனலாக் கொதிக்குது. சிங்கவரத்துலேர்ந்து நடந்து வர்றவங்களுக்கு அந்த ரோட்ட விட்டா நெழலு எங்க இருக்குது? லாரிக்காக எல்லாரும் வெயில்ல சாவணுமா?"

"ஒரு ஆளுக்காகத் தீர்மானம் நிக்காது யம்மா" என்றார் ராஜாராம். கை தூக்கச் சொன்னார். எதிர்த்துத் தூக்கிய கை அவளுடையது மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அந்தச் சாலைக்குப் போனாள். மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டி, ஓடும் கொட்டையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொந்த நிலம் என்று எதுவும் இல்லாத அவர்களுக்குக் கோடையில் அதுதான் கூலி. அவர்களில் துடுக்கானவள் மீனம்பாள். தலைச்சுமை விறகு கொண்டு வருகிறவர்களுக்கும் அவள்தான் முன்னால் நடப்பாள். கமருன்னிசா விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த புளியைக் கூடையில் எறிந்தாள்.

"யாரு எடுப்பாங்க ஏலம்?"

"செஞ்சி, வல்லம் தொட்டிக்காரங்க எல்லாம் வருவாங்க. எங்கள மாதிரி விறகு விக்கறவங்கதான்."

"அந்தத் தொட்டிக்கெல்லாம் சுள்ளி யாரு தர்றாங்க? நாங்கதான?" மீனம்பாள் எழுந்து நின்றாள். "இந்த மரத்த எடுக்கிறவன் தொட்டியில இனிமே ஒரு கட்டு எறங்காது. போய்ச் சொல்லுக்கா. இல்ல, வேணாம், நாங்களே சொல்றோம்."

அன்றே கிளம்பித் தொட்டி தொட்டியாகப் போய்ச் சொன்னார்கள்.

வீட்டில் நூருல்லா காத்திருந்தான். முகம் கறுத்திருந்தது.

"அண்ணி, மரத்த எடுக்கிறதா நான் தனகோட்டிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நாம எடுக்கலன்னா வல்லத்துக்காரன் எடுத்துட்டுப் போவான்."

"எடுக்கட்டும், பாக்கலாம்."

"அப்போ தொழில்ல எம் பங்கப் பிரிச்சிடுங்க."

கணவர் இறந்த பிறகு கூடவே நின்றவன் அவன். ஆனாலும், "பிரிச்சிக்கோ" என்றாள். தொட்டியின் நடுவில் மூங்கில் தடுப்பு எழுந்தது.

ஏல நாளன்று ஊராட்சி அலுவலகத்து முற்றத்தில் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். செஞ்சியிலேயே பெரிய தொட்டிக்காரரான அன்வர் பாஷா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல் நெடுக மீனம்பாளும் அவள் ஆட்களும் தலையில் சுமையில்லாமல் வெறும் சும்மாடோடு நின்றார்கள்.

எழுத்தர் ஆரம்ப விலையைச் சொல்லிவிட்டுப் பார்த்தார். யாரும் ஏலம் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். அன்வர் பாஷா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நூருல்லா தொண்டையைச் செருமினான்.

"நூருல்லா பாய்" என்றாள் மீனம்பாள், வாசலிலிருந்து. "கேக்கறதுன்னா கேளு. புதுத் தொட்டிய எத வெச்சி ரொப்புவன்னு மட்டும் சொல்லிட்டுக் கேளு."

நூருல்லா தலையைக் குனிந்துகொண்டான்.

தனகோட்டி வெகுண்டு எழுந்தார். "ஒருத்தரும் எடுக்க வேணாம். நானே எடுக்கிறேன்!"

உறுப்பினர்கள் பக்கமிருந்து கமருன்னிசா எழுந்தாள். "தலைவரே, மரம் இடிக்குதுன்னு மனு குடுத்தவரும் இவரு, ரோடு போடறவரும் இவரு, மரத்த எடுக்கிறவரும் இவரு. அப்போ நாம எதுக்கு? ஆபீஸ் போர்டக் கழட்டி அவரு கிரஷர்ல மாட்டிடுங்க."

முற்றத்தில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. ராஜாராமுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏலம் ஒத்திவைக்கப்படுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த கூட்டத்தில் கமருன்னிசாவே தீர்மானம் கொண்டுவந்தாள். ஊரைக் கூட்டிக் கேட்காமல் ஊராட்சி மரத்தில் கோடாரி படக்கூடாது. வருஷா வருஷம் புளி மகசூலை மட்டும் ஏலம் விடவேண்டும், அதில் புளி தட்டுகிற பெண்களுக்கே முன்னுரிமை. வருகிற பணத்தில் ஏரிக்கரைப் பாதையிலும் வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் வைத்து, முள்வேலி கட்டித் தண்ணீர் ஊற்றவேண்டும். கன்றை வளர்த்து ஆளாக்குகிற குடும்பத்துக்கே அதன் காயும் விதையும்.

இந்தத் தடவை அவள் கையோடு வேறு கைகளும் எழுந்தன. இரண்டு உறுப்பினர்களின் வீட்டுக்காரிகள் ஏலத்தன்று வாசலில் சும்மாடோடு நின்றவர்கள். ஒரு வாரமாக வீட்டில் அந்த உறுப்பினர்களுக்கு நிம்மதி இல்லை. கடைசியில் ராஜாராமும் அரைமனதாகக் கை தூக்கினார். "நான் எப்பவும் மரத்துக்கு எதிரி இல்லம்மா" என்றார்.

தனகோட்டியின் லாரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. ஆடி மாதத்தில் திருப்பத்திலிருந்த பெரிய மரத்தின் அடியில் யாரோ டயரைப் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். மரத்தில் ஒரு பாதி கருகிப் பட்டுப்போனது. யார் என்று நிரூபிக்க முடியவில்லை. பட்டதை விறகுக்காவது வெட்டலாமே என்று நூருல்லாவே வந்து கேட்டான்.

"மறுபாதி தழைக்குதா இல்லியா? நிக்கட்டும். கொளுத்தினவன் ஊருக்குள்ள வரணும்னா அதத் தாண்டித்தான வரணும்."

ஏரிக்கரையில் வைத்த கன்றுகளில் பலதை ஆடு தின்றது, சில தண்ணீரில்லாமல் காய்ந்தன. காய்ந்த இடத்தில் மீண்டும் வைக்கச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் அவள் எழுந்து நின்றாள். "இந்தம்மா வேற பேச்சே பேசாதா?" என்று முணுமுணுத்தார்கள். பேசவில்லைதான். வேம்பும் புங்கமும் ஆளுயரம் வந்தன.

பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் ஒருநாள் தொட்டிக்கு வந்தார்கள். அவர்கள் ஊரிலும் மரம் வெட்டப் பேச்சு நடக்கிறதாம். தீர்மானத்தை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டார்கள். கமருன்னிசா தராசிலிருந்து விறகை இறக்கி வைத்துவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதறது எழுத்தர் எழுதுவாரு. எல்லாரும் ஒரு பக்கம் கை தூக்கறப்ப, உங்க கை எந்தப் பக்கம் இருக்கும்? அத மொதல்ல சொல்லுங்க."