இருளாயி அக்காவின் புதன்கிழமை மாத்திரை

இருளாயி அக்காவை நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய நல்ல மனசிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. பாழாய்ப்போன நல்ல மனசு!

என் பெண்டாட்டி செல்வலட்சுமியும் அவளும் மட்டாஞ்சேரி பஜாரில் பதினாறு வருஷம் ஒரே தெருவைக் கூட்டினார்கள். அரிசிக் கடைப் பக்கம் இவள், சுக்குக் கிடங்குப் பக்கம் அவள். ஒரு சாயா வாங்கினால் பாதிப் பாதி. ஒரு ஜோடி கையுறை கிடைத்தால் ஆளுக்கொன்று. மாத்திரையும் அப்படித்தான். ஒருத்தி தலைவலிக்கு வாங்கியதில் மிஞ்சியதை மற்றவள் காய்ச்சலுக்கு விழுங்குவாள்.

அக்காவுக்கு முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. துடைப்பத்தைக் கையோடு துணியால் கட்டிக்கொண்டு கூட்டுவாள். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் மாத்திரையைப் புதன்கிழமை மட்டும் போட வேண்டும். அங்கே வாத நோய்க்காரர்களைப் பார்ப்பதும் புதன்கிழமைதான். மாத்திரைக்கும் அதனால்தான் புதன் என்று அக்காவாகவே நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் அக்குபஞ்சர் டாக்டர் ஸாதனாவிடம் போனாள். கையிலும் முழங்காலிலும் முடி மாதிரி மெல்லிய ஊசிகள். பத்துத் தடவை குத்தியதும் வலி குறைந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குறைந்தது. "ஊசி வலிக்குத்தான். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திடாதீங்கோ" என்று ஸாதனா இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். இவள் தலையை ஆட்டிவிட்டு வந்து நிறுத்தினாள்.

மிச்சம் இரண்டு அட்டை இருந்தது. அதை வீணாக்க இவளுக்கு மனசு வருமா? செல்விக்கு முட்டி வலி.

"இந்தாடி, நல்ல மாத்திரை. எனக்கு இனி ஊசியே மதி, அதுவே போதும்" என்று கொடுத்தாள். கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செல்வி தினம் ஒன்று போட்டாள். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், ஒரு மடக்கு சாயா இறங்கவில்லை. பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒன்றுதானாம், தினமும் போட்டால் விஷமாம். உடம்பில் இரத்தமே ஊறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா வாசலில் வந்து நின்றாள். விரல்கள் பழையபடி கோணியிருந்தன. ஊசிக்குப் போவதையும் விட்டுவிட்டாளாம்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குது ரங்கசாமி."

"வலிக்கட்டும்."

ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

"வலி போனதாலதானே தம்பி அவகிட்ட குடுத்தேன். எனக்கு இனி அது போகவே வேண்டாம்."

மறுநாள் காலையில் கையில் துணியைக் கட்டிக்கொண்டு, செல்வியின் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். போய் ஊசி குத்திக்கொள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லலாம். நான் சொன்னால் போவாள். இன்னும் எனக்கு வாய் வரவில்லை.