‘போறேன்’ என்று சொல்லிவிட்டேன்

என் அப்பா இறந்து பத்து மாதம் ஆகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமி என் வேண்டுதலைக் கேட்டது என்று எழுதப் போகிறேன். அதைப் படிக்கும்போது, கடைசியில் அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

நம் பெரியசாமியைக் கும்பிடும் சொந்தங்களே, நான் இருபத்து மூன்று வயதுப் பெண். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. இயற்பியல் படித்தேன். படித்து முடித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. தை மாதம், மிளகு பறிக்கிற நேரம். "பறிப்பு முடியட்டும் கண்ணு, அப்புறம் போலாம்" என்றார் அப்பா. கம்பெனியில் காத்திருக்க மாட்டார்கள் என்றேன். மூன்று நாள் பேசாமல் இருந்தோம்.

நான்காம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் போறேன்" என்றேன்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டு இறங்குகிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். அப்பா மிளகுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"போறேன்னு சொல்லாத சாமி. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. ஒரு வார்த்தையில என்ன இருக்குது?"

சொல்லாமலே நடந்தேன். செம்மேட்டில் பஸ் ஏறினேன். வளைவு வளைவாக இறங்கி, பேளுக்குறிச்சி வந்தபோது மாமாவிடமிருந்து போன். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறிய அப்பா, விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆம்புலன்ஸ் மலையிலிருந்து கிளம்பிவிட்டது. "நீ அங்கயே நில்லு. ஏத்திக்கிறோம்."

அன்று சந்தை நாள். சீரகம், கடுகு, மிளகு என்று ஊரே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த மிளகு வாசனைக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஏறினேன். அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண் திறக்கவில்லை.

"ஏணியில ஏறும்போதே என்னமோ ரோசனையாத்தான் இருந்தாரு" என்றாள் அம்மா. என்ன யோசனை என்று அவளுக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது அவள் ஆட்டுப்பட்டியில் இருந்தாள். எனக்குத் தெரியும்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மண்டைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். ஆபரேஷன் செய்து ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். வாயில் குழாய். மூச்சை மெஷின் விட்டது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். அந்தப் பத்து நிமிடமும் அம்மா, "ஏனுங்க... ஏனுங்க..." என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு வருவாள். வேறு ஒரு வார்த்தை வராது அவளுக்கு.

நான் போகவே இல்லை. "நீ போ கண்ணு" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "நீயே போம்மா" என்று வெளியே உட்கார்ந்துகொண்டேன். பயம். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

வராந்தாவில் மாமா மட்டும் எங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "பேன் போட்டாலே கரண்டு வீணாகுதும்பாரு எங்க மச்சான். இப்பப் பாரு, மூணு நாளா ஏசிய உட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு." அம்மா சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் சாமியிடம் வாய்விட்டு வேண்டினேன். அப்பாவை எழுப்பிக் கொடு. மொட்டை போடுகிறேன். வேலை வேண்டாம். பெங்களூர் வேண்டாம். நடந்தே மலை ஏறி வருகிறேன். எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் அம்மாவையும் மாமாவையும் உட்கார வைத்து, நம்பிக்கை ரொம்பக் குறைவு என்று சொல்லிவிட்டார். சாமி மேல் எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பாவைக் கவனிக்கிற நர்ஸ் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். போன் கையில் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. அவர் வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர், யாருகிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"உங்கப்பாகிட்டத்தான். 'ஐயா, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கறேனுங்க, ஊசி கொஞ்சம் சுருக்குங்கும் பொறுத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"அவருக்குத்தான் மயக்கமாச்சே. கேக்காதே."

"கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாது கண்ணு. கேக்காதுன்னு நெனச்சு நாம பேசாம இருந்து, அவருக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சுன்னா?"

அவர் பெயர் கலைவாணி. ராசிபுரத்துப் பக்கம். நாற்பது வயது இருக்கும். மலைக்கோயிலிலிருந்து மாமா கொண்டுவந்த திருநீற்றை உள்ளே விட மாட்டேன் என்று வாட்ச்மேன் நிறுத்தியபோது, அதை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, "நெத்தியில வெக்க முடியாதுங்க, காயத்துக்கு ஆகாது. கட்டில்ல கட்டி வெக்கறேன், சாமி அங்கிருந்தே பாத்துக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னவர் அவர்தான். மெஷின் ஒவ்வொரு முறை கத்தும்போதும் அம்மா உயிர் போய்விட்டதென்று எழுந்து நிற்பாள். அவர்தான் வெளியே வந்து, "அது மருந்து தீரப்போகுதுன்னு கத்துதுங்கம்மா. உக்காருங்க" என்பார்.

"ஊட்டுல அவர்கிட்ட எப்படிப் பேசுவீங்க? தெரிஞ்ச பேச்சாச் சொன்னா நல்லது" என்று அவர் கேட்டார். அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

படித்தவர். சிரிப்பார், அல்லது 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பார் என்று நினைத்தேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் கண்ணு... போறேன்னா சொல்லிட்ட?"

அந்த நிமிடம்தான் நான் உடைந்து அழுதேன். என் தப்பு தப்புதான் என்று ஒருவர் ஒத்துக்கொண்டது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். "செரி. காலையில மயக்க மருந்தக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாப்பாங்க. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அப்ப உன்னக் கூப்பிடறேன். எதையும் எதிர்பாக்காத. சொல்றத மட்டும் சொல்லு."

நான் மலை இருக்கிற திசையைப் பார்த்து நின்று கும்பிட்டேன். இந்த முறை உயிரைக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. 'சாமி, ஒரே ஒரு வார்த்தை. அது அவர் காதில் விழட்டும்' என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கூப்பிட்டார். கை கழுவச் சொன்னார். கவுன் மாட்டிவிட்டார். அப்பாவின் தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கியிருந்தது. யாரோ ஒருவர் மாதிரி இருந்தார். கை மட்டும் அப்பாவுடையது. மிளகுக் கறை போகாத விரல்கள். சிஸ்டர் அந்தக் கையை எடுத்து என் மணிக்கட்டின் மேல் வைத்தார்.

"ஐயா, உங்க பொண்ணு வந்திருக்குதுங்க. என்னமோ சொல்லோணுமாம்."

இரண்டு முறை முயன்று, மூன்றாவது முறை சொன்னேன்.

"அப்பா... நான் போயிட்டு வாரேன்."

சின்ன வயதிலிருந்து நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா என் மணிக்கட்டை ஒரு முறை அழுத்தி விடுவார். அதுதான் அவருடைய 'செரி'. அன்று அந்த விரல்கள் அசைந்தன. பெருவிரல் என் மணிக்கட்டில் அழுந்தியது. ஒரே ஒரு முறை.

அது தானாக வரும் அசைவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். பொய் சொல்லவில்லை அவர், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். சிஸ்டர் படுக்கைக் குறிப்பில் எழுதியதை எனக்குக் காட்டினார். மகள் பேசியபோது நோயாளி கையை அழுத்தினார், நேரம் இவ்வளவு என்று எழுதியிருந்தது. அப்புறம் எத்தனையோ பேர் பேசினார்கள், கிள்ளினார்கள். அந்தக் கை மறுபடி அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியம், துடிப்பு இறங்க ஆரம்பித்தது. சிஸ்டர் திரையை இழுத்து விட்டு, எங்கள் மூன்று பேரையும் உள்ளே விடக் கேட்டு அனுமதி வாங்கினார். அம்மா "ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெஷினின் சத்தத்தைக் குறைத்து வைத்தார் சிஸ்டர். அதனால் அம்மாவின் குரல்தான் கடைசிவரை கேட்டது.

எல்லாம் முடிந்த பிறகு முகத்தைத் துடைத்தார். கண்ணை மூடினார். கட்டிலிலிருந்து திருநீற்றை அவிழ்த்து, இப்போது நெற்றியில் பூசினார். பிறகு குனிந்து, "போயிட்டு வாங்கய்யா" என்றார்.

மாமா பதறிவிட்டார். சாவில் யாரும் யாரிடமும் வருகிறேன், வாருங்கள் என்று சொல்வதில்லை அல்லவா? சொல்லாமல்தானே எழுந்து போவோம்? "எழவுல அப்படிச் சொல்லக்கூடாதுங்க சிஸ்டர்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லட்டும் உடுண்ணா. வரட்டும்."

சொந்தங்களே, பெரிய வேண்டுதலை சாமி தரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். ஆனால் அந்தச் சின்ன வேண்டுதலைக் கேட்டது. ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு அம்மாவை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தது. அந்த ஒரு அழுத்தம் இல்லையென்றால் நான் இன்று உயிரோடு இருப்பேனா என்று தெரியாது.

இப்போது நர்ஸிங் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வகுப்பிலேயே நான்தான் மூத்தவள், வாயாடியும் நான்தான். அந்த ஐ.சி.யூ. வராந்தாவில் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். எந்த மெஷின் எதற்காகக் கத்தும், எப்போது பயப்பட வேண்டாம் என்று நம் பேச்சுத் தமிழில். சிஸ்டர் திருத்திக் கொடுத்தார். கடைசி வரி என்னுடையது: 'உள்ளே போனால் பேசுங்கள்.'

உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் படுத்திருந்தால், வெளியே உட்கார்ந்து என்னைப் போல நாட்களை வீணாக்காதீர்கள். பெரிதாகக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடாமல் சின்னதாகவும் கேளுங்கள். கேட்கிற காது ஒன்று இருக்கிறது. அன்று என் மணிக்கட்டில் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

வருகிற தையில் மிளகு பறிக்க அம்மா இப்போதே ஆள் சொல்லி வைத்திருக்கிறாள். விடுமுறை முடிந்து நான் ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டும். பை வாசலில் இருக்கிறது. அப்பா படத்துக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்.

போயிட்டு வாரேனுங்க.