மடித்துத் தைத்த வாசல்

இந்த நாட்டில் வெட்டுத்துணிக்குக் காசு கொடுக்க வேண்டும். நல்ல புதுத்துணியை வேண்டுமென்றே சதுரம் சதுரமாக நறுக்கி, நிறம் பார்த்துச் சேர்த்து, ரிப்பன் கட்டிக் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் ஊர்த் தையற்காரர் சாக்கில் கட்டி, யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று வாசலில் வைக்கிற சரக்கு அது. இப்போது நானும் வரிசையில் நின்று வாங்குகிறேன். கனடாவில் எத்தனையோ பழகிவிட்டது. இதற்குப் பணம் எடுக்கும்போது மட்டும் இன்னும் கை கூசுகிறது.

கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகன் கால்கரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பான். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் ஊர் நூலகத்தில் கூடும் குவில்ட் குழுவுக்குப் போகிறேன். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைப்பதுதான் குவில்ட். அப்படி நட்சத்திரமும் மணியும் மீனுமாகத் தொங்கவிடும் அலங்காரங்கள் செய்வேன். கூடவே வாழ்த்து அட்டைகளும் செய்வேன்; ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காகித நாக்கை இழுத்தால் கதவு திறந்து உள்ளே இருப்பவர்கள் எட்டிப்பார்ப்பார்கள். குழுவில் எல்லோரும் என் வயதுக்காரிகள். அட்டை கைக்கு வந்தால் குழந்தைகளாகிவிடுவார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். பாறசாலை என்றால் யாருக்குத் தெரியும்? இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில், அது கேரளா ஆயிற்றே, உங்கள் பேச்சே மலையாளம் மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். மலையாளிகளின் ஓணச் சாப்பாட்டுக்குப் போனால் 'தமிழத்தி' என்று தனியாக உபசரித்தார்கள். சாப்பாடு இரண்டு இடத்திலும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நான் இரண்டுக்கும் போகவில்லை.

பாறசாலையில் எங்கள் சபைக் கோயில் சுவரில் தொங்கவிட ஒரு கிறிஸ்மஸ் திரை உண்டு. சபையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு வரி. அந்த ஆண்டு உடுத்த துணியில் ஒரு துண்டை ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் கொண்டுவந்து, உள்ளே பழைய வேட்டியை வைத்து, தங்கள் வரியின் வலப்பக்கத்தில் சேர்த்துத் தைப்பார்கள். கடைசித் துண்டின் வலது ஓரத்தை மட்டும் மடிக்கவே கூடாது. அதற்கு வாசல் என்று பெயர். அடுத்த ஆண்டுத் துண்டு அந்த வழியாக வரவேண்டும். வீட்டில் ஆள் அற்றுப்போனால்தான் வாசலை மடித்துத் தைப்பார்கள். அப்படி மடித்த வரிகள் இரண்டு மூன்று இருந்தன. சிறுபிள்ளைகள் நாங்கள் அவற்றைத் தொடப் பயப்படுவோம்.

அம்மாவும் செல்லம்மா மாமியும்தான் திரைக்குப் பொறுப்பு. செல்லம்மா மாமியின் மகள் தங்கம் என் கூட்டுக்காரி. பெரியவர்கள் தைக்கும்போது நாங்கள் இருவரும் பழைய அட்டைகளில் கோயில் கதவு வெட்டுவோம். சைக்கிள் டியூபில் ஒரு நறுக்கை உள்ளே ஒட்டிவிட்டால், இழுக்கும்போது கதவு திறக்கும், விட்டால் தானே சாத்திக்கொள்ளும். தங்கம் வீட்டில் மலையாளம், எங்கள் வீட்டில் தமிழ். ஆனால் சண்டை போடும்போது யார் எந்த மொழியில் ஏசினோம் என்று எங்களுக்கே தெரியாது.

எல்லைப் போராட்டம் வந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ் ஊர்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாள் தள்ளுமுள்ளில் தோள்பக்கம் கிழிந்த சட்டையோடு வந்தார். அந்தக் கிறிஸ்மஸுக்கு அம்மா அந்தச் சட்டையிலிருந்துதான் துண்டு வெட்டினாள். தங்கத்தின் அப்பா கேரளத்தின் பக்கம். சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஊர்வலச் சட்டை கோயில் சுவரில் தொங்கக் கூடாது, வேறு துணி கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டார். அது இல்லையென்றால் எதுவும் இல்லை என்றார் அப்பா. அம்மா துண்டையும் ஊசியையும் மடியில் வைத்தபடியே வீட்டுக்குத் திரும்பினாள்.

பிறகு இரண்டு மாநிலத்துக்கும் நடுவே கோடு போட்டார்கள். பாறசாலை கேரளத்தில் நின்றது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் குழித்துறைக்குப் போனார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வேர்ப்பதற்குள் போய்விடலாம். ஆனாலும் அவர் இருந்தவரை நாங்கள் அந்தச் சபைப் படி மிதிக்கவில்லை. எங்கள் வாசலை மடித்துவிடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்ததாம். ஆளு உண்டு, கொஞ்சம் மாறித் தாமசம், தள்ளிக் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று செல்லம்மா மாமி ஊசியைக் கொடுக்க மறுத்துவிட்டாளாம். நான் நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணம் ஆகி, இந்தப் பனிக்குள் வந்து சேர்ந்தேன். அம்மா கொடுத்த அந்தச் சட்டைத் துண்டு என்னுடனேயே வந்தது.

போன இலையுதிர்காலத்தில் தங்கம் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் மகளுக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் வேலை, போன் மகளுடையது. சபைக்கு ஆண்டு நிறைவு விழா வருகிறது, பழைய திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்திருக்கிறார்கள்.

"மக்கா, மடிச்ச வரிய விட்டா மத்ததெல்லாம் இந்தால, ஓரம் வரைக்கும் வந்தாச்சு. உங்க வரி மட்டும் பாதியிலயாக்கும் நிக்குது. சுவரு தெரியுது. ஒரு துண்டு அயச்சுத் தா. எனக்குக் கண்ணு மங்கியதுக்குள்ள சேத்துத் தைக்கியேன்."

அன்றைக்கே தொடங்கினேன். முதலில் அப்பாவின் சட்டை. அடுத்து என் நர்ஸ் உடுப்பு, கணவரின் கோடு போட்ட சட்டை, மகனின் தொட்டில் விரிப்பு. விட்டுப்போன ஆண்டுகளையெல்லாம் ஒரே பட்டையாகத் தைத்தேன். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்துத் தைப்பதுதான் பாக்கி இருந்தது. இடது ஓரம் அங்கே போய்ச் சேர்வதற்கு, வலது ஓரம் வாசலுக்கு. இரண்டையும் பிசிறோடு விட்டேன். செவ்வாய்க்கிழமை குழுவில் காட்டினேன். எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்காரும் டோரீன், பனி வழுக்குகிறது, பையை நானே எடுத்துப்போய் அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றாள்.

அடுத்த வாரம் பட்டையை என் மடியில் விரித்தாள். நான்கு பக்கமும் நீலத் துணியில் கரை கட்டியிருந்தாள். அரிசி அரிசியாக எவ்வளவு நேர்த்தியான தையல். நீ மறந்துவிட்டாய், நான் முடித்துவிட்டேன், இனிமேல் பிசிறாது என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்து அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். யாரும் என்னைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நன்றி என்றுதான் சொல்ல வந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து இடது பக்கத்தைப் பிரித்தேன். அதற்கு யோசனை தேவைப்படவில்லை. வலது பக்கத்தில் கத்தரி முனையை வைத்துவிட்டு, நாள் கிழமை பார்க்காமல் மகனைக் கூப்பிட்டேன். நான் போன பிறகு பாறசாலைச் சபைக்கு எப்போதாவது போவாயா என்று கேட்டேன். அது எங்கே இருக்கிறது, ஏன் திடீரென்று கேட்கிறீர்கள், உடம்புக்கு ஏதாவதா என்று பதறினான். அவனுக்குப் பிள்ளை இல்லை. என்மேல் அவனுக்கு உயிர். அந்தப் பதற்றத்தில் பொய்யே இல்லை. ஒன்றுமில்லை மக்கா, மாத்திரை சாப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். இவனை நம்பி வாசலைத் திறந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. டோரீனின் தையல் அப்படியே இருக்கட்டும் என்று கத்தரியை மூடினேன்.

பட்டையோடு தங்கத்துக்கு ஒரு அட்டையும் வைத்தேன். துணியிலேயே சிறிய கோயில், அதற்கு இரண்டு கதவு. இழுத்தால் திறந்து, பாவாடை கட்டிய இரண்டு பிள்ளைகள் எட்டிப்பார்ப்பார்கள். சைக்கிள் டியூபுக்கு இங்கே நான் எங்கே போவேன்? தபாலில் வரும் ரப்பர் வளையத்தை நறுக்கி ஒட்டினேன். உறைக்குள் போடுமுன் இழுத்துப் பார்த்தேன். நன்றாகத் திறந்தது. தங்கம் இழுத்துப் பிடித்திருக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் வெளியே நிற்போம். அவள் கை எடுத்தால் சாத்திக்கொள்ளும்.