பீரோவுக்குள் இருந்தது யார்?

என் தம்பி தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன். மொட்டை மாடிகளில் கறுப்பாகக் குந்தியிருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளின் வாய் வழியாக, ஒரு தோளை முதலில் விட்டு, வயிற்றை எக்கி, மறு தோளை விட்டு உள்ளே இறங்கிவிடுவான். ஐம்பது வயதிலும் இறங்குகிறான். உள்ளே போனதும் பாட்டு ஆரம்பித்துவிடும். பாசியைத் தேய்க்கத் தேய்க்கப் பாடுவான். "தொட்டிக்குள்ள என் குரலக் கேக்கணும் நீ. வெளிய வந்தாதான் கழுதைக் குரலாயிடுது" என்பான். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் தவளை.

நான் அவனுக்கு இரண்டு வயது மூத்தவள். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் நான் பிரதி எடுத்தது கிடையாது. கெட்ட பழக்கம்தான், விட முடியவில்லை. சாயங்காலம் தவளை கடைக்கு வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு அடியில என்ன கெடந்துச்சு?" என்பதுதான். மூக்குக்கண்ணாடி, பல்செட், பொம்மையின் ஒற்றைக் கால், ஒருமுறை பூட்டியபடியே ஒரு பூட்டு. பூட்டிய பூட்டு தொட்டிக்குள் எப்படிப் போகும் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சேற்றோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிடுவான்.

இவ்வளவு வாய் பேசுகிற எனக்கு மூடிய இடம் மட்டும் ஆகாது. ஆறு வயதில் பீரோவுக்குள் மாட்டிக்கொண்டவள் நான். லிஃப்டில் ஏற மாட்டேன். குளியலறைக் கதவைத் தாழ் போட மாட்டேன். உள்ளே ஆள் இருப்பது தெரிவதற்காக இருமிக்கொண்டே குளிப்பேன். கல்யாணமான புதிதில் என் மாமியார் எனக்குக் காசநோய் என்றே முடிவு கட்டிவிட்டார். அப்புறம் பீரோக் கதையைச் சொல்லி நம்பவைத்தேன். அந்தக் கதையைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

போன மாதம் இடது காது அடைத்துக்கொண்டது. கூடவே தலைச்சுற்றல். காதுக்குப் பின்னால் உள்ளே ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். குழாய் மாதிரி ஓர் எந்திரம். அதற்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்க என் இதயம் இடம் கொடுக்காதாம். போனேன், படுத்தேன். பலகை உள்ளே நகர்ந்தது. பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். பத்து எண்ணுவதற்குள் அமுக்கிவிட்டேன்.

"சின்ன வயசுல பீரோக்குள்ள மாட்டிக்கிட்டேன் தம்பி. அதுலேர்ந்து இப்படித்தான்" என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொன்னேன்.

துணைக்கு வந்திருந்த தவளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "அது நான்ல?" என்றான்.

"எது?"

"பீரோக்குள்ள மாட்டிக்கிட்டது."

எனக்கு வந்ததே கோபம். படுத்து எழுந்த மானக்கேடு ஒரு பக்கம், இவன் வேறு. அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டு மூன்று மாடிப் படிகளிலும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம்.

"இத்தன வருஷமா நான் சொல்லும்போதெல்லாம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"நீ எங்கிட்ட எப்பக்கா சொன்னே? ஊர்ல இருக்கறவங்ககிட்டல்ல சொன்னே. நீயும் ஒரு தடவ மாட்டியிருப்பேன்னு நெனச்சேன்."

"ஒரே தடவதான். அது நான்தான். சாவி வரைக்கும் ஞாபகம் இருக்கு எனக்கு. பித்தளைச் சாவி. தலையில செவப்பு நூல் கட்டியிருக்கும். பாதி திரும்பி அப்படியே சிக்கி நின்னுடுச்சு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு."

"அந்துருண்டை நெடி. கண்ணெல்லாம் எரிஞ்சுது."

"அந்துருண்டை எந்த பீரோலடா இல்ல? பீரோல அடைபட்டவன் தொட்டிக்குள்ள எறங்கிப் பாட்டு பாடுவானா? கொஞ்சமாவது பயம் இருக்கணும்ல?"

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் கடையில் யாரோ கொடுத்த பதினாறு பக்கப் பத்திரத்தை ஒரு வரிகூடப் படிக்காமல் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். அப்போதே தெரிந்துவிட்டது, இதைத் தீர்க்காமல் எனக்கு நிம்மதி இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை தவளையை இழுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தார். அன்றைக்குப் பீரோவைத் திறந்தவர் அவர்தான். அம்மா போனபிறகு அந்தப் பீரோவும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. படுக்கையறை மூலையில் பச்சை நிறத்தில், கைப்பிடி ஓரத்தில் பெயின்ட் உரிந்து நின்றது. சித்தி கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த வேகத்தில் பீரோ முன்னால் முட்டி போட்டேன். அப்போதைய என் உயரம் அவ்வளவுதான் இருந்திருக்கும். சாவித் துவாரம் சரியாக என் கண்ணுக்கு நேரே வந்தது.

"இதோ பாரு. இங்கதான் சாவி சிக்கிட்டு நின்னுச்சு. செவப்பு நூல் ஆடிட்டே இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

தவளை குனிந்து பார்த்தான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "உள்ளேர்ந்து எப்படிக்கா பாத்தே?"

துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன்.

சித்தி டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "வெளிய நின்னவதான் சாவியப் பாத்திருக்க முடியும்" என்றார்.

"சித்தி, என்ன சொல்றீங்க?"

"நீதான்டி பூட்டினே. வெளையாட்டுக்குத்தான். அப்புறம் தொறக்க வரல. நான் துணி காயப்போட்டுட்டு மாடியிலேர்ந்து வரேன், நீ சாவிய ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு தொங்கறே. பாவாடையெல்லாம் ஈரம். உள்ள சத்தமே இல்ல."

"அப்ப நான் மாட்டிக்கிட்டேன்னு..."

"சாயங்காலம் உங்கப்பா வந்து என்ன நடந்துச்சுன்னு கேட்டார். நான் உள்ள மாட்டிக்கிட்டேன்ப்பான்னு நீ சொன்னே. சொல்லிட்டு ஒரே அழுக. உங்கம்மா என்னப் பாத்துக் கண்ணக் காட்டினா. பச்சப்புள்ள, போகட்டும்னு விட்டுட்டோம். ரெண்டு மாசத்துல மறந்துடுவேன்னு பாத்தா, நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே."

தவளை விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வருடமாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன், அது பொய் என்று எனக்கே தெரியாமல். எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது, செத்துப்போன அம்மா மேல்கூட.

பீரோவின் இரும்புக் கதவில் கை வைத்தேன். தட்டும் சத்தம் ஒன்று எனக்கு எப்போதுமே ஞாபகத்தில் இருந்தது. என் கைதான் தட்டியது என்று நினைத்திருந்தேன். தட்டியது இவன். தட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று நின்றுவிட்டது. செத்துவிட்டான், நான் தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று அந்த ஆறு வயதில் நினைத்தேன். நான் பயந்தது இருட்டுக்கு இல்லை. அதற்குத்தான்.

வியாழக்கிழமை மறுபடியும் அந்தப் பலகையில் படுத்தேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. உண்மை தெரிந்ததும் உடம்பு கேட்டுவிடுமா என்ன? பலகை நகர்ந்தது, எந்திரம் தட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைத்தான் தாங்க முடியாது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சத்தம் பரவாயில்லை. நடுவில் ஒரு நிமிடம் நின்றது பாருங்கள், அப்போதுதான் கை ரப்பர் பந்தை இறுக்கிப் பிடித்தது.

அமுக்கப் போனவள், இப்போது உள்ளே இருப்பது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான். என்ன ஆகிவிட்டது எனக்கு? மூக்கு அரிக்கிறது. கால் லேசாகக் குளிர்கிறது. வேறொன்றும் இல்லை. உள்ளே இருக்கிறவளுக்கு அது நன்றாகத் தெரிகிறது. வெளியே சாவியைப் பிடித்துத் தொங்கியவளுக்குத்தான் தெரிய வழியே இல்லாமல் போயிற்று. சத்தம் மறுபடி ஆரம்பித்தது. மொத்தம் ஐந்து முறை நின்றது. எண்ணினேன்.

வெளியே வந்தேன். முடிவு சனிக்கிழமைதான் கிடைக்குமாம். தவளை நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் கழற்றிக் கொடுத்திருந்த கம்மலையும் வளையலையும் கைக்குட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

"டேய், அன்னிக்கு ஏன்டா தட்டறத நிறுத்தினே? தூங்கிட்டியா?"

"இல்லயே."

"பின்ன?"

கம்மலின் திருகாணி கைக்குட்டை மடிப்பில் எங்கேயோ ஒளிந்திருந்தது. அதைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"நான் தட்டத் தட்ட நீ வெளிய இன்னும் சத்தமா அழுதே. நான் தட்டறதுக்குப் பயந்துதான் நீ அழறேன்னு நெனச்சேன். அதான் நிறுத்திட்டு சும்மா ஒக்காந்துட்டேன்."

அப்போது அவனுக்கு நாலு வயது. அதற்கப்புறமும் நாற்பத்தாறு வருடமாக நான் இவனுக்கு அக்கா என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.