தொண்டையில் நடித்த ரதி

வினோஜனுக்கு வயது முப்பத்தொன்று. தலவாக்கலையில் இன்சாபின் போன் கடையில் உடைந்த திரைகளுக்குக் கண்ணாடி மாற்றுகிறான். அதுதான் அவன் தொழில் என்று ஊர் நினைக்கிறது. அவனைக் கேட்டால் தான் ஒரு இரசிகன் என்பான். அதுவும் திம்புள்ளைப் பக்கத்திலேயே ஒரே இரசிகன். மற்றவர்கள் எல்லாம் டீவி பார்க்கிறவர்கள்.

அவன் பார்ப்பது விண்வெளித் தொடர்கள் மட்டும். ஆங்கிலத்தில்தான் பார்ப்பான், கீழே எழுத்து ஓட வேண்டும். தமிழ் டப்பிங் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வான். “ஒருத்தன் மூஞ்சி, இன்னொருத்தன் தொண்டை. அதப் பாக்கிறவனெல்லாம் மனுசனா?” பள்ளிக்கூட ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் அவனை இரண்டு தடவை கைவிட்டதை நாகரிகம் கருதி யாரும் நினைவுபடுத்துவதில்லை.

ஏழு சீசன் ஓடிய ஒரு விண்கப்பல் தொடர். அதில் ஒரு காட்சி. கப்பலில் மூச்சுக்காற்று ஐந்து பேருக்குத்தான் இருக்கிறது. ஆறாவது ஆள், கப்பல் தலைவியின் செத்துப்போன தம்பியைப் போலவே செய்த நகல். அவனை வெளியே விட்டு அவள் கதவை மூடுகிறாள். அழவில்லை. தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்குகிறது. வினோஜன் இதை நாற்பது தடவை பார்த்திருக்கிறான். நாற்பது தடவையும் கவுண்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேடியிருக்கிறான். திருகாணி விழுந்துவிட்டதாம்.

அந்தத் தொண்டையை வைத்து அவன் உலகத்தையே அளந்தான். செத்த வீடுகளுக்குப் போய் அழுகிறவர்களுக்குப் புள்ளி போட்டான். தப்படிக்கும் ஆண்டியப்பனின் தாயார் இறந்தபோது அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். வினோஜன் வாசலில் நின்று, “கொஞ்சம் அடக்கி அழுதிருந்தா எட்டுப் போட்டிருப்பேன்” என்றான். ஆண்டியப்பன் காதில் அது விழுந்தது. தப்படிக்கிறவருக்குக் காலம் பார்த்து அடிக்கத் தெரியும்.

மாசி மாதம் வந்தது. அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி என்றால் காமன் கூத்து. சிவன் காமனை எரித்துவிடுவார். அவன் மனைவி ரதி சாம்பலைப் பார்த்துப் புலம்புவாள். சனம் கூடுவது அந்தப் புலம்பலுக்காகத்தான். இருபது வருடமாக ரதி வேஷம் கட்டியவர் கொழுந்து ஃபெக்டரியில் வேலை செய்யும் அழகுமுத்து. மண்ணில் புரண்டு, மூக்கு ஒழுக, மாரடித்து அழுவார். வினோஜன் அவருக்குப் போட்டது இரண்டு புள்ளி. அந்த வருடம் அழகுமுத்துவுக்குக் குடலிறக்க ஒப்பரேஷன். புரளக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கூத்தை நடத்துகிறவர் ஆண்டியப்பன். நேராகக் கடைக்கே வந்தார்.

“தம்பி, நீங்கதான் நடிப்பப் பத்தித் தெரிஞ்சவரு. ரதிக்கு நீங்க நில்லுங்க. ஆனா ஒண்ணு. எங்க தோட்டத்துல காப்புக் கட்டினா மூணு வருசம் அந்த வேஷந்தான். நடுவுல அவுக்க ஏலாது.”

“மூணு வருசம் பாத்தாத்தான் அண்ணே இந்த சனத்துக்கு நடிப்புன்னா என்னன்னு வெளங்கும்.”

இன்சாப் கண்ணாடி துடைத்துக்கொண்டே கேட்டான்: “மச்சான், நல்லா வரல்லன்டா?”

“நல்லா வரல்லன்னா இனி எவன் அழுகையப் பத்தியும் வாயத் தொறக்க மாட்டேன். நீ போன்ல கிட்ட வச்சு எடு. மொகம் மட்டும்.”

தன்னிடமிருந்த ஒரே சொத்தை, அதாவது அந்த வாயை, அவன் பணயம் வைத்துவிட்டான்.

ஃபெக்டரிக்குக் கீழே உள்ள மைதானத்தில், விடிந்தும் விடியாத நேரம், பனிமூட்டத்தில் முந்நூறு பேர். காமன் எரிந்து முடிந்தான். தப்பு ஓய்ந்தது. சேலையும் சவுரியுமாக வினோஜன் முன்னால் வந்தான். மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். அடக்கமான நடிப்புக்கு மைக் எதற்கு? சாம்பலைப் பார்த்தான். எச்சிலை விழுங்கினான். கடைசி வரிசைக்கும் அவனுக்கும் நடுவே அறுபது அடிப் பனி. அறுபதடி தூரத்துத் தொண்டையை யார் பார்ப்பார்கள்?

சனம் காத்திருந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்தவர் போல ஆண்டியப்பன் தப்பில் ஒரு தட்டுத் தட்டினார். வினோஜன் மறுபடி விழுங்கினான்.

“ஏப்பா, ரதிக்குப் பாட்டு மறந்துருச்சு போல. யாராச்சும் எடுத்துக் குடுங்க” என்றாள் முன்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் ராக்காயி.

“மறக்கல்லக்கா, தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு. நல்லாப் பாருங்க” என்றான் பக்கத்தில் இருந்த ஒருத்தன்.

ராக்காயி இரக்கமுள்ளவள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கூத்துக்குள்ளேயே நடந்து போனாள். “குடிங்க தம்பி, ராத்திரியெல்லாம் பட்டினி” என்று ரதியின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். ரதி தலையை ஆட்டி மறுத்தாள். முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

அழகுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. வயிற்றில் பட்டியோடு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தவர், அங்கிருந்தே ஓங்கிப் புலம்பத் தொடங்கினார். வேஷமில்லை, புரளவில்லை. சிரித்த வாய்கள் அப்படியே அழுதன. ராக்காயி ரதிக்குக் கொண்டுபோன தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டு அழுதாள்.

“வீடியோவப் பாருங்க, தெரியும்” என்றான் வினோஜன்.

மறுநாள் கடையில் பார்த்தார்கள். இன்சாப் திரையில் தெரிந்த முகத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். தொண்டை ஏறி இறங்கியது, உண்மைதான். ஆனால் ரதியின் கண் சாம்பலைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, எடுக்கிறானா இல்லையா என்று.

“மச்சான், தம்பிய வெளிய விட்ட அந்தப் பொம்புளயும் இப்பிடிக் கெமராவப் பாத்தாளா?”

அன்றிலிருந்து எந்தச் செத்த வீட்டிலும் புள்ளி இல்லை. ஊருக்கு அது ஒரு லாபம்.

காப்பு மட்டும் இன்னும் இரண்டு வருடத்துக்கு இருந்ததே. அடுத்த மாசியில் ஆண்டியப்பன் வழி கண்டுபிடித்தார். ரதி முன்னால் நிற்க வேண்டும், வாயை அசைக்க வேண்டும். அழகுமுத்து திரைக்குப் பின்னால் கதிரையில் இருந்து மைக்கில் அழுவார். வினோஜனின் மூஞ்சி, அழகுமுத்துவின் தொண்டை. சனம் குலுங்கிக் குலுங்கி அழுதது.

கூத்து முடிந்து சவுரியைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் ராக்காயி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

“இந்த வருசம் நல்லா அழுதீங்க தம்பி. போன வருசம் மாதிரி இல்ல.”

அவன் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கண் எங்கும் போகவில்லை. இன்சாபின் போன் சட்டைப்பையில் இருந்தது. ஒரு முழத் தூரத்தில் நின்ற ராக்காயி மட்டும் பார்த்தாள்.

“தேத்தண்ணி ஊத்தவா?” என்றாள்.